டேங்க் இல்லாத கீசரும் மைத்துனர் வைத்த பாக்கியும்

கேள்வி: கோவையில் சொந்த வீடு, ஐந்து பேர். கையில் வரும் சம்பளம் 58,000 ரூபாய். கீழே ஒன்று, மாடியில் ஒன்று என இரண்டு 25 லிட்டர் கீசர்கள், எட்டு வருடப் பழசு. அம்மா நான்கு மணிக்கே எழுந்துவிடுவதால் அப்போது போடும் ஸ்விட்ச் இரவு வரை அணைவதில்லை. இரண்டு மாதத்துக்கு 590 யூனிட் ஓடுகிறது. டேங்க் இல்லாத 8 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை மாட்டினால் இ.பி. பில் பாதியாகும் என்கிறார் கடைக்காரர். ஹீட்டர் 24,000, வயரிங் 9,000. கிரெடிட் கார்டில் ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ. போடலாமா? அந்தக் கார்டில் மைத்துனர் போனும் டிவியும் வாங்கிய வகையில் 74,000 பாக்கி இருக்கிறது. அவர் முடிந்தபோது 2,000 தருவார். நான் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். பிக்சட் டெபாசிட்டில் ஒரு லட்சம் அவசரத்துக்கு வைத்திருக்கிறேன். பயப்பட வேண்டியதில்லை அல்லவா?

பதில்: பயப்பட வேண்டும். ஆனால் கீசரை நினைத்து அல்ல.

‘தவறாமல் கட்டிவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போன மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 74,000-க்கு 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டியது சுமார் 3,700 ரூபாய். மாதம் 3.5 சதவீத வட்டியில் 2,590 போயிற்று. வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இன்னொரு 466. கடனில் கழிந்தது 644 ரூபாய். இப்படியே ஒரு வருடம் கட்டினால் வட்டியும் வரியுமாக ஏறக்குறைய 35,000 போயிருக்கும், கடன் 7,400-தான் இறங்கியிருக்கும். கார்டுக்குக் கார்டு சதவீதம் கொஞ்சம் மாறும், கதை மாறாது. மைத்துனர் தரும் 2,000 வட்டிக்கே காணாது.

இன்னொன்றும் நடக்கிறது. பாக்கி நிற்கும் கார்டில் வட்டியில்லா நாட்கள் கிடையாது. அதே கார்டைத் தேய்த்து மளிகையும் பெட்ரோலும் வாங்கினால், வாங்கிய அன்றிலிருந்தே அதற்கும் வட்டி ஓடும். இந்தக் கார்டில்தான் ஹீட்டரையும் ஏற்றப் போகிறீர்கள்.

‘நோ காஸ்ட்’ என்பதை நம்பும் முன் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: “ரொக்கமாகக் கொடுத்தால் கடைசி விலை என்ன?” இரண்டாயிரமாவது இறங்கும். வட்டி அந்த இரண்டாயிரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் பிராசசிங் கட்டணம் தனி, ஒவ்வொரு தவணையிலும் வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. தனி.

சரி, கீசருக்கு வருவோம். பில் பாதியாகும் என்பது சரியில்லை. குளிக்கத் தேவையான வெந்நீரைக் காய்ச்ச ஆகும் மின்சாரம் எந்தப் பெட்டியிலும் ஒன்றுதான். டேங்க் இல்லாததில் மிச்சமாவது, காய்ச்சிய நீர் சும்மா நின்று ஆறுவதால் வரும் இழப்பு மட்டுமே. உங்களுடையது பழைய பெட்டி என்பதால் நாள் முழுக்க ஆனில் இருந்தால் ஒன்றுக்கு ஒரு யூனிட் என்று தாராளமாகவே வைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மாதத்தில் 120 யூனிட். அதில் நூறை இன்றே, ஒரு பைசா செலவில்லாமல் நிறுத்தலாம்.

25 லிட்டர் நீரை 2 கிலோவாட் காயில் 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற அரை மணி நேரம் போதும், ஒரு யூனிட் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் அது குளிக்கும் சூட்டில் 58 லிட்டர், கிட்டத்தட்ட மூன்று வாளி. அம்மாவுக்கு 3.45-க்கு ஆன், 4.15-க்கு ஆஃப், பிள்ளைகளுக்கு ஆறரைக்கு இன்னொரு முறை. எழுந்து போட முடியாவிட்டால் 16 ஆம்பியர் தாங்கும் டைமர் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டுங்கள். 6 ஆம்பியர் டைமரைப் போட்டுக் கருக்கிவிட வேண்டாம்.

நூறு யூனிட் குறைந்தால் 590 என்பது 490 ஆகும். 500 என்ற எல்லைதான் முக்கியம். அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். கூடவே 101 முதல் 200 வரை கிடைக்கும் மலிவு விலையும் போய்விடும். இரண்டையும் சேர்த்தால் ஒரு பில்லுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி மிச்சம். அதன் பிறகு டேங்க் இல்லாத ஹீட்டர் கூடுதலாகத் தரப்போவது 20 யூனிட், அதாவது 130 ரூபாய். வருடத்துக்கு 780. போட்ட 33,000 திரும்பி வர 40 வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை எந்த ஹீட்டரும் உழைக்காது.

போதாததற்கு, 8 கிலோவாட் என்பது 230 வோல்ட்டில் 35 ஆம்பியர். கீசருக்கு இப்போது போகும் வயர் அதைத் தாங்காது. மெயின் போர்டிலிருந்து 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மின்சாரம் அதிகமானால் தானாக அணையும் தனி 40 ஆம்பியர் எம்.சி.பி. ஸ்விட்ச், சரியான எர்த் எல்லாம் வேண்டும். இதையெல்லாம் 9,000-க்குள் முடிப்பதாகச் சொன்னால் எந்த வயர் என்று எழுதி வாங்குங்கள். இ.பி. இணைப்பில் அனுமதித்த லோடு எவ்வளவு என்றும் பாருங்கள். லோடு கூட்டவோ மூன்று பேஸுக்கு மாறவோ நேர்ந்தால் அதற்கு வேறு டெபாசிட், கட்டணம். மாலையில் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் சூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

தண்ணீர் அழுத்தத்தைக் கடைக்காரர் கேட்டாரா? மாடிக் குளியலறைக் குழாய்க்கும் ஓவர்ஹெட் டேங்குக்கும் மூன்று மீட்டர் உயரம் இருந்தால் 0.3 பார் அழுத்தம்தான். தண்ணீர் ஓடினால்தான் ஹீட்டரை இயக்கும் ஃப்ளோ ஸ்விட்ச் உள்ளே இருக்கும்; அது அதற்கு மேல் அழுத்தம் கேட்கும் மாடல்கள் உண்டு. அப்போது ஹீட்டர் ஆனே ஆகாது, பூஸ்டர் பம்ப் வாங்கச் சொல்வார்கள். சிறுவாணி நீர் மென்மையானது, உபத்திரவம் இல்லை. சம்பில் போர் தண்ணீரையும் கலக்கிறீர்கள் என்றால் டேங்க் இல்லாத ஹீட்டரின் ஒடுங்கிய பாதையில் உப்புப் படிந்து சீக்கிரம் அடைக்கும்.

கேஸ் கீசர் பக்கம் மனம் போனால், கதவடைத்த குளியலறைக்குள் மாட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் ஆளைச் சாய்க்கும்.

இப்போது செய்ய வேண்டியது. டெபாசிட்டை உடைத்து 74,000-ஐ முழுவதும் கட்டுங்கள். முன்கூட்டியே உடைத்தால் வட்டியில் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள், பிடிக்கட்டும். 7 சதவீதத்தில் ஒரு லட்சம் மாதம் 580 ரூபாய் சம்பாதிக்க, பக்கத்திலேயே 3,056 போகிறது. இதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீதி 26,000 அவசரத்துக்கு இருக்கட்டும். கார்டுக்குக் கட்டிவந்த 3,700-ஐ அப்படியே மாதாமாதம் போடும் ஆர்.டி. சேமிப்பில் திருப்புங்கள், இருபது மாதத்துக்குள் பழைய ஒரு லட்சம் வந்துவிடும்.

மைத்துனரிடம் “இனி நீங்கள் எனக்குத் தர வேண்டியது 74,000, வட்டி வேண்டாம், மாதம் 3,000” என்று உங்கள் மனைவியையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதை வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். அடுத்த முறை போன் செய்து ஓ.டி.பி. கேட்டால், கார்டை முடக்கிவிட்டேன் என்று சொல்லுங்கள். பொய்யாக இருக்க வேண்டாம், ஆன்லைன் பரிவர்த்தனையை வங்கி ஆப்பிலேயே அணைத்துவைக்கலாம். தவணை தவறினால் அடிபடுவது உங்கள் சிபில் ஸ்கோர்.

பழைய கீசர்களுக்கு ஒரு சர்வீஸ் போதும்: டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு கம்பி கரைந்திருந்தால் புதிது, காயிலில் உப்பு இருந்தால் சுரண்டல், கேஸ்கெட், சேஃப்டி வால்வு சோதனை. டேங்கே கசியத் தொடங்கினால்தான் மாற்ற வேண்டும். அப்போதும் 5 ஸ்டார் 15 லிட்டர், ரொக்கத்தில்.