பழைய அலுமாரிக்குப் புது நிறம்: பெயின்ட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அம்மம்மா காலத்து மர அலுமாரி ஒன்று வீட்டில் இருக்கிறது. எப்போதோ பூசிய பச்சை எனாமல் செதில் செதிலாக உரிகிறது. வெள்ளை நிறத்துக்கு மாற்ற ஆசை. சுவருக்கு வாங்கிய எமல்ஷன் அரை வாளி மிச்சம் கிடக்கிறது, அதையே பூசலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை உண்டு.
– வாசகி, உப்புவெளி

பதில்: எமல்ஷன் வேண்டாம். அது சுவருக்கானது. நாள் முழுக்கக் கை படும் கதவில் சீக்கிரமே அழுக்கேறித் தேய்ந்துவிடும்.

நிறத்தை யோசிக்கும் முன் குழந்தையை யோசியுங்கள். பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்கலாம். பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்று இலங்கையில் கட்டாய எல்லை நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். உங்கள் பச்சைப் பூச்சு அதற்கு முந்தியது என்றால், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த சாண்ட்பேப்பரால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் பறக்கும், தவழ்ந்து விளையாடும் பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். நெருப்புக் காட்டி உரிப்பது அதைவிட மோசம். நீர் தாங்கும் சாண்ட்பேப்பர் வாங்கி, நனைத்து நனைத்துத் தேயுங்கள். வேலை முற்றத்தில் நடக்கட்டும், கீழே பொலித்தீன் விரித்திருக்கட்டும், முகத்துக்கு நல்ல மாஸ்க் இருக்கட்டும். குழந்தையும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே கூடாது. உடுத்த உடுப்பைத் தனியே தோய்த்துவிடுங்கள்.

சரி, அது என்ன மரம்? லாச்சியை வெளியே இழுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் பெயின்ட் பட்டிருக்காது. மஞ்சள் சாயலும் ஒரு மினுக்கமும் தெரிந்தால் முதிரையாக இருக்கலாம். பொன் கலந்த பழுப்பு என்றால் தேக்கு. சந்தேகமாக இருந்தால் தச்சு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். முதிரையோ தேக்கோ என்றால் தயவுசெய்து வெள்ளை பூசாதீர்கள். பச்சையைக் கழற்றிப் பொலிஷ் போடக் கூலி கூடத்தான் செய்யும், ஆனால் அந்த மாதிரி மரத்தில் இன்று புதிதாக ஓர் அலுமாரி செய்வதென்றால் என்ன செலவாகும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

சாதாரண மரம் என்றால் தாராளமாகப் பூசலாம். உரிந்ததைச் சுரண்டி, நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, மரத்துக்கான பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் எனாமல் மெல்லியதாக இரண்டு பூச்சு. சில மரங்களில் சாறு ஊறி வெள்ளையில் பழுப்புக் கறை எழும். அதற்கு மேலும் மேலும் பெயின்ட் பூசிப் பயனில்லை, அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்தால்தான் கறை அடங்கும். உட்பக்கத்தைப் பூசாமலே விடுங்கள். எண்ணெய் கலந்த வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகிவிடும், வாசமும் துணியில் ஏறும்.

எவ்வளவு வாங்குவது? ஆறடி உயரம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் முன்பக்கம், இரு பக்கங்கள், மேல்தட்டு எல்லாம் சேர்த்து 48 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 96. ஒரு லீற்றர் எனாமல் போதும். நாலு லீற்றர் டின் இலாபம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

காலமும் முக்கியம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நம் ஊர் மழையில் இந்த வேலையில் இறங்க வேண்டாம், ஈரக் காற்றில் பூச்சு காயவே காயாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நன்றாகக் காயும், ஆனால் தூசி ஒட்டும். காற்று எழும் முன் காலையிலேயே, மறைப்பான இடத்தில் வைத்துப் பூசுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பொருட்களை அடுக்கிவிடாதீர்கள், ஒரு வாரமாவது விடுங்கள்.

கேள்வி: இரும்பு அலுமாரிக்குப் போன வருடம்தான் பெயின்ட் அடித்தோம். அதற்குள் கொப்புளம் போட்டுத் துரு வருகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், நிலாவெளி

பதில்: பெயின்ட்டைவிட உப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு தகட்டில் படிந்திருக்கும்போதே பூசினால், அது பூச்சுக்குள் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக்கும். துருவைச் சுரண்டியபின் நல்ல தண்ணீரால் கழுவி, முழுதாகத் துடைத்துக் காயவைத்து, அன்றே ரெட் ஒக்சைட் பிரைமர் பூசிவிடுங்கள். கால்களின் அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள், துரு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: டின்னில் உள்ள விலையைவிடக் கூடக் கேட்டார்கள். பில்லும் தரவில்லை.
– வாசகர், உவர்மலை

பதில்: குறித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது, நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டும் தரத்தான் வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். டின்னை எறிந்துவிடாதீர்கள், அதிலுள்ள விலையும் தொகுதி இலக்கமும் தேவைப்படும்.