பழைய வேலைக்கே திரும்ப முடியுமா? கேள்வி பதில்

ஒரே கம்பெனிக்குள் பிரிவு மாறிவிட்டு "ஏன்தான் மாறினோமோ" என்று இருப்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. ஆலைகளின் பணியாளர் நிர்வாகம் அறிந்தவர் பதில் சொல்கிறார்.

ஓசூர்: சார், சிஎன்சி (கம்ப்யூட்டர் மூலம் ஓடும்) மெஷினில் ஆறு வருஷம் இருந்தேன். நானே கேட்டு குவாலிட்டிக்கு மாறி மூன்று வாரம் ஆகிறது. ஒட்டவே இல்லை. திரும்பக் கேட்டால் தருவார்களா?

உங்கள் பழைய மெஷினில் இப்போது யார் நிற்கிறார் தம்பி? அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டிரெயினியோ கான்ட்ராக்ட் ஆளோ சமாளித்துக்கொண்டிருந்தால் இடம் இன்னும் காலிதான். நிரந்தர ஆளுக்கு ஆர்டர் போய்விட்டால், உங்களைத் திரும்ப எடுக்க இன்னொருவரை நகர்த்த வேண்டும். எந்த மேனேஜரும் அதற்குச் சட்டென்று இறங்க மாட்டார். மூன்றாவது வாரத்திலேயே கேட்பது அவசரம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் போகப் போக அந்த இடம் நிரம்பும்.

அடுத்தது, மாற்றல் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். புரபேஷன் (சோதனைக் காலம்) என்று போட்டிருக்கிறதா, எத்தனை மாதம்? 1946ஆம் ஆண்டு மத்திய விதிகளோடு வந்த மாதிரி நிலையாணைகளில் (ஆலைப் பணி விதிகளில்) ஒரு வரி உண்டு: நிரந்தரத் தொழிலாளி ஒருவரைப் புதிய பதவியில் புரபேஷனில் வைத்தால், அந்த மூன்று மாத புரபேஷன் காலத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பழைய நிரந்தரப் பதவிக்கே திருப்பி அனுப்பலாம். அனுப்ப 'லாம்' என்பதைக் கவனியுங்கள். அது நிர்வாகத்தின் கையில் இருக்கும் அதிகாரம், நீங்கள் உரிமையாகக் கேட்கக்கூடியது இல்லை. ஆனாலும் "விதியில் இடமே இல்லை" என்று எச்ஆர் சொன்னால் காட்டுவதற்கு உதவும். உங்கள் ஆலையின் சான்று பெற்ற நிலையாணையில் வாசகம் வேறாக இருக்கலாம். கேட் பக்கம் தமிழிலும் ஒட்டியிருக்க வேண்டும், போய்ப் படியுங்கள்.

கடைசியாக, என்ன பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கேஜ், மைக்ரோமீட்டர், ரிஜெக்ஷன் ரிப்போர்ட் இதெல்லாம் புதுசாக இருப்பதால் வரும் தடுமாற்றம் இரண்டு மாதத்தில் போய்விடும். நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்களின் பீஸையே ரிஜெக்ட் செய்ய வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம் என்றால் அது அந்த வேலையோடு பிறந்தது, போகாது. அப்போது கேட்டுவிடுங்கள்.

சூளகிரி: யாரிடம் முதலில் பேசுவது சார்? பழைய மேனேஜர் நல்லவர்.

நல்லவர் என்பதால்தான் ஆபத்து அம்மா. அவர் நல்லெண்ணத்தில் மீட்டிங்கில் வாய்விட்டுவிட்டால், உங்கள் இப்போதைய மேனேஜர் அதை மூன்றாம் ஆள் மூலம் கேட்பார். அதோடு காரியம் கெட்டது. பழைய மேனேஜரிடம் ஒரே கேள்வி போதும்: "சார், என் இடத்துக்கு ஆள் போட்டாச்சா?" மீதியெல்லாம் இப்போதைய மேனேஜரிடம்தான், அதுவும் நேரில். மாத முடிவு டிஸ்பேட்ச் நெருக்கடியிலும் ஆடிட் வாரத்திலும் போகாதீர்கள்.

பேசிய அன்றே மெயிலும் போய்விட வேண்டும். இவ்வளவு போதும்: "இன்ன தேதியில் இன்ன பிரிவுக்கு மாற்றலானேன். இன்ன வேலைதான் எனக்குப் பொருந்துகிறது என்று உணர்கிறேன். பழைய பிரிவில் இடம் இருந்தால் அங்கே மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மாற்று ஆள் வரும்வரை, அதிகபட்சம் 30 நாள், இங்கேயே இருந்து வேலையை ஒப்படைக்கிறேன்." அந்த 30 நாள் வரியை விடாதீர்கள், மேனேஜர் யோசிப்பதே அதைத்தான். புதுப் பிரிவைக் குறைசொல்லி ஒரு வார்த்தை வேண்டாம். "இல்லாவிட்டால் ராஜினாமா" என்பதும் வேண்டாம், ஏற்றுக்கொண்டுவிடுவார்கள்.

தருமபுரி: ஆபரேட்டராக இருந்தபோது 19,500. ஜூலையில் சூப்பர்வைசர் ஆக்கி 21,500 தருகிறார்கள். ஆனால் கையில் குறைவாக வருகிற மாதிரி இருக்கிறதே அண்ணா?

கணக்குப் போடுவோம். 19,500ஐ 26 நாளால், பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 93.75 ரூபாய். ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, 187.50. மாதம் 16 மணி நேரம் பார்த்திருந்தால் 3,000. ஆக 22,500. சூப்பர்வைசருக்கு பெரும்பாலான ஆலைகளில் ஓவர்டைம் கிடையாது. மாதம் ஆயிரம் நஷ்டம், சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள்.

இன்னொன்று இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. சம்பள வரம்பு 21,000. ஓவர்டைம் பணம் அந்த வரம்புக்குச் சேராது (0.75 சதவீதப் பிடித்தம் மட்டும் அதிலும் உண்டு). அதனால் பழைய வேலையில் உள்ளே இருந்தீர்கள், இப்போது வெளியே. ஆனால் உடனே நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அது முடியும்வரை பிடிப்பார்கள். அந்தப் பணத்துக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்தால் இந்தத் தேதிகளை மனதில் வையுங்கள். சூப்பர்வைசருக்கு கம்பெனி தனி மருத்துவக் காப்பீடு தருகிறதா, அதில் பெற்றோர் சேருவார்களா என்றும் கேளுங்கள்.

திரும்பிப் போனால் எந்தச் சம்பளம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய 19,500தானா, இடையில் மற்ற ஆபரேட்டர்களுக்கு ஏறிய இன்கிரிமென்டும் சேருமா? இதைக் கேட்காமல் போனவர்கள் ஜூனியரைவிடக் குறைந்த சம்பளத்தில் நிற்பது சாதாரணமாக நடக்கிறது.

காவேரிப்பட்டணம்: மாங்கூழ் ஆலையில் லேபிலிருந்து கொள்முதலுக்கு மாறினேன். லாரி வரிசை, தரகர் சத்தம், தூக்கமே இல்லை.

சீசனில் மாறியிருக்கிறீர்கள். மே கடைசியிலிருந்து ஜூலை வரை கொள்முதலில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆகஸ்டில் அந்த வேலை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெங்களூரா மாங்காய் வண்டி வண்டியாக நிற்கும்போது ஆளை மாற்ற ஆலை சம்மதிக்கவும் செய்யாது. அதுவரை லேபோடு தொடர்பு விட்டுப்போக வேண்டாம்: பிரிக்ஸ் (இனிப்பு அளவு), பிஎச் (புளிப்பு அளவு) பார்க்க ஆள் குறையும் நாளில் போய் நில்லுங்கள். கையில் பழக்கம் இருக்கிற ஆளைத் திரும்ப எடுப்பது அவர்களுக்கும் சுலபம்.

பர்கூர்: குரூப் கம்பெனிக்கு ராஜினாமா செய்து மாறினேன். பழைய கம்பெனியில் நாலு வருஷம். பிஎஃபை எடுத்துவிட்டு அங்கேயே திரும்பச் சேரலாமா?

பிஎஃபைத் தொடாதீர்கள். ஐந்து வருஷத் தொடர் சேவை ஆகாமல் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 வருஷக் கணக்கும் அறுந்துபோகும். அதே யுஏஎன்னில் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்ணில்) டிரான்ஸ்பர் கொடுங்கள்.

பெரிய சிக்கல் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷத் தொடர் சேவை வேண்டும். ராஜினாமா செய்து மாறியதில் அந்த நாலு வருஷம் தொடர்கிறதா என்பது உங்கள் புது ஆர்டரைப் பொறுத்தது. "முந்தைய சேவை தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். திரும்பும்போதும் ராஜினாமாவும் புது நியமனமுமாகப் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். மாற்றல் உத்தரவாகவே கேளுங்கள். தராவிட்டால் அந்த ஒரு வரியையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி: ஏழு மாதம் ஆச்சு. என் இடத்தில் ஆள் வந்து நிரந்தரமும் ஆயிட்டார்.

அப்படியென்றால் அந்த நாற்காலியைக் கேட்காதீர்கள், அந்த வேலையைக் கேளுங்கள். வேறு ஷிஃப்டிலோ இன்னொரு யூனிட்டிலோ அதே வேலை இருக்கும். ஓசூர் யூனிட் என்றால் தினம் போக ஐம்பது, வர ஐம்பது கிலோமீட்டர். கம்பெனி பஸ் உங்கள் ஷிஃப்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

அரூர்: பழைய டீம் வாட்ஸ்ஆப் குரூப்பில் புலம்பிட்டேன். தப்பா?

அழிக்க நேரம் இருந்தால் இப்போதே அழியுங்கள். இல்லையென்றால் நாளைக் காலை மேனேஜர் வந்ததும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.