எல்லாருக்கும் 1806 துப்பாக்கியே வேண்டுமாம்! போலி முத்திரை பற்றிய கேள்வி பதில்

கொஞ்ச நாளாகச் சேர்ந்துபோன கேள்விகளுக்கெல்லாம் ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். நான் பெரிய நிபுணன் எல்லாம் இல்லை. லேத் பட்டறை வைத்திருந்தவன், இரும்பைத் தொட்டுப் பழகியவன், பழைய துப்பாக்கி மேல் ஆசைப்பட்டு இரண்டு மூன்று முறை நன்றாக ஏமாந்தவன். அந்த ஏமாந்த காசுக்குக் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது.

காட்பாடியிலிருந்து: சார், ஒருவர் பழைய மஸ்கட் (வாய்வழி மருந்து கெட்டிக்கிற நீளத் துப்பாக்கி) ஒன்று விற்கிறார். லாக் (மருந்தைப் பற்றவைக்கிற விசை) தகட்டில் நிற்கிற சிங்கம், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'வேலூர் 1806' என்று வெட்டியிருக்கிறது. கோட்டைப் புரட்சியில் சிப்பாய் கையில் இருந்த துப்பாக்கியாம். 3 லட்சம் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். புரட்சி நடந்தது 1806 ஜூலை 10. கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளில் கிரீடம் பிடித்த சிங்கத்தைப் போட ஆரம்பித்தது 1808-ல். அதற்கு முன்னால் இருந்தது இதய வடிவ முத்திரை. குறுக்குக் கோடு போட்டு நாலாகப் பிரித்து, உள்ளே வி.இ.ஐ.சி. என்ற நாலு எழுத்து, தலையில் நாலாம் எண் மாதிரி ஒரு குறி. ஆக அந்தச் சிங்கமும் அந்த வருடமும் ஒரே தகட்டில் சேர்ந்து இருக்கவே முடியாது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். லாக்கில் இருக்கிற வருடம் இங்கிலாந்தில் அந்த லாக் செய்த வருடம், செய்தவர் பெயரோடு இருக்கும். எந்த ஊரில் சுட்டார்கள் என்று யாரும் வெட்டி வைக்க மாட்டார்கள். 1806-ல் ஒரு சிப்பாய் கையில் இருந்த துப்பாக்கி என்றால் அது செய்து, கப்பலேறி, சென்னை வந்து, பட்டாளத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதில் அதற்கு முந்தைய வருடம்தான் இருக்கும். அன்றைக்கு விடிவதற்கு முன் தொடங்கியது, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் சில மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அதற்குள் உட்கார்ந்து ஊர் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்களா என்ன!

ஆம்பூரிலிருந்து: அண்ணா, என்னிடம் இருப்பது கம்பெனி துப்பாக்கி இல்லை. கிரீடம், ஜி.ஆர். (ஜார்ஜ் மன்னர்), 'டவர்' என்று இருக்கிறது, கூடவே 1799. சக்கிமுக்கிக் கல் வைக்கிற லாக். இது சரிதானே?

தம்பி, வருடம் இடிக்கிறது. பிரிட்டிஷ் அரசுப் படைக்கான லாக்குகளில் செய்தவர் பெயரும் வருடமும் போடுகிற வழக்கத்தை 1764-லேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு 'டவர்', அதாவது லண்டன் டவர் ஆயுதக் கிடங்கின் பெயர், மட்டும்தான். விக்டோரியா காலத்துக் கேப் துப்பாக்கிகளில் (கல்லுக்குப் பதில் சின்ன வெடிமூடி வைத்துச் சுடுபவை), அதாவது 1853 மாடல் என்ஃபீல்டு மாதிரியானவற்றில், 'டவர்' என்பதோடு வருடம் மறுபடி வரும். போலி செய்கிறவர் அதைப் பார்த்து முந்தின தலைமுறைத் துப்பாக்கியிலும் வருடத்தைச் சேர்த்துவிடுகிறார். மொத்தத் துப்பாக்கியும் போலி என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். சாதாரண டவர் லாக்கில் வருடத்தை மட்டும் பிறகு வெட்டியிருக்கலாம், அதுதான் அதிகம் நடக்கிறது. லென்ஸ் வைத்து '1799'-ஐயும் 'டவர்'-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள், ஒரே கை வெட்டியதா என்று தெரிந்துவிடும்.

குடியாத்தத்திலிருந்து: லென்ஸில் பாருங்கள் பாருங்கள் என்கிறீர்கள், எதைப் பார்ப்பது என்று சொல்லுங்கள் ஐயா.

நல்ல கேள்வி, இதற்குத்தான் நீளமாக எழுத வேண்டும். நகைக்கடையில் வைத்திருக்கிற 10 மடங்கு லென்ஸ் போதும். டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், தகட்டின் மேல் படுத்த மாதிரி பக்கவாட்டில் அடியுங்கள்.

முதலில் துருக்குழி. இருநூறு வருட இரும்பில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், அம்மைத் தழும்பு மாதிரி. முத்திரை பழையதென்றால் துரு முத்திரையையும் சேர்த்துத் தின்றிருக்கும். எழுத்தின் ஓரம் குழியில் போய்க் கரைந்திருக்கும், எழுத்தின் அடியிலும் குழி இருக்கும். புதிதாக வெட்டியதென்றால் எழுத்து குழியைக் கடந்து போகும், அடிப்பக்கம் மழமழவென்று சுத்தமாக இருக்கும். இது ஒன்றைப் பார்த்தாலே பாதி போலிகள் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், அடித்ததா வெட்டியதா என்று பாருங்கள். குழலில் இருக்கிற சோதனை முத்திரைகள் (குழல் வெடிக்காமல் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்துப் போடுபவை) பஞ்ச் வைத்துச் சுத்தியால் அடித்தவை. அடிக்கும்போது இரும்பு எங்கும் போகாது, ஒதுங்கும். ஓரத்தில் லேசான கரை எழும்பும். வெட்டினால் இரும்பு சீவலாகப் போய்விடும், கரை இருக்காது. லேசரில் போட்டதென்றால் ஆழம் எங்கும் ஒரே சீராக, ஓரம் கருகின மாதிரி இருக்கும்.

லாக் தகடு மேற்பரப்பில் கடினப்படுத்தியது. முத்திரை போட்ட பிறகுதான் கடினப்படுத்துவார்கள். அசல் தகட்டில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு எழுத்து வெட்ட வேண்டுமென்றால் தகட்டைச் சூடாக்கி மிருதுவாக்கித்தான் வெட்ட முடியும். நான் முதலில் ஏமாந்தது இதில்தான். இதய முத்திரை போட்ட லாக் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து உள்பக்கம், யார் கண்ணுக்கும் படாத மூலையில், சின்ன ஊசி அரத்தை வைத்தேன். வெண்ணெய் மாதிரி கடித்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கடையில் வாங்குவதற்கு முன் அரம் போடாதீர்கள், அடிதான் விழும். லாக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து ஸ்க்ரூ இரண்டையும் எடுத்தால் கையோடு வந்துவிடும். உள்பக்கம் பளபளவென்று, வெளிப்பக்கம் மட்டும் நூறு வயதுக் கிழவன் மாதிரி இருந்தால் உப்பும் புளியும் தடவி மண்ணில் புதைத்து எடுத்த வயது அது. அந்தத் துரு செம்மண் நிறத்தில் விரலில் ஒட்டும். பழைய துரு காப்பிக்கொட்டை நிறம், தேய்த்தாலும் வராது.

ராணிப்பேட்டையிலிருந்து: மார்ட்டினி ஹென்றி ரைஃபிள் ஒன்று, பக்கத்தில் கிரீடம், வி.ஆர்., என்ஃபீல்டு, 1907. விக்டோரியா மகாராணி காலத்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மகாராணி 1901 ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1907-ல் ஏழாம் எட்வர்டு, அப்போது இ.ஆர். என்றுதான் இருக்க வேண்டும். இது கைபர் கணவாய்ச் சரக்கு. இப்போது பாகிஸ்தானில் இருக்கிற தர்ரா ஆதம் கேல் பக்கத்துப் பட்டறைகளில் கையாலேயே செய்தது. ஆங்கிலம் தெரியாதவர்கள் அசலைப் பார்த்து வரைந்ததால் 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும், என்ஃபீல்டில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும். உங்களுடையதில் பாருங்கள், அநேகமாக இருக்கும். ஆனால் இவற்றை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அரமும் உளியும் வைத்து ஒரு ரைஃபிளையே செய்திருக்கிறார்கள், அந்த வேலைக்கென்றே தேடி வாங்குகிறவர்கள் உண்டு. கைபர் துப்பாக்கி என்று சொல்லி, கைபர் விலைக்கு விற்றால் சரி.

ஆரணியிலிருந்து: புலிவரி போட்ட துப்பாக்கி, திப்பு சுல்தானுடையது என்கிறார்கள். திப்புவின் மகன்கள் வேலூர்க் கோட்டையில் இருந்ததால் அப்படியே இங்கு வந்ததாம்.

1799-க்குப் பிறகு குடும்பத்தைக் கோட்டையில் கொண்டுவந்து வைத்தது உண்மை. காவலில் வைத்தவர்கள் கையில் துப்பாக்கியும் கொடுத்து அனுப்புவார்களா? கதையை விடுங்கள், புலிவரி வெள்ளியை இரும்புக்குள் பதித்ததா, மேலே பெயின்ட் மாதிரி பூசியதா என்று பாருங்கள்.

வாணியம்பாடியிலிருந்து: எங்கள் வீட்டு மஸ்கட்டில் ரஞ்சகம் (பற்றவைக்கிற மருந்து) வைக்கிற கிண்ணம் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து குழலுக்குள் போகிற ஓட்டையைக் காணோம்.

அது இந்தக் காலத்து நகல். நம் நாட்டிலேயே ஏற்றுமதிக்குச் செய்கிறார்கள், ஓட்டை போடாமல் அனுப்பினால் சுடுகிற ஆயுதக் கணக்கில் வராது என்று. சுவரில் மாட்டுங்கள், அழகாக இருக்கும்.

திருப்பத்தூரிலிருந்து: ஜவ்வாது மலை அடிவாரம் எங்கள் ஊர். தாத்தா வைத்திருந்த துப்பாக்கி பரணில் கிடக்கிறது. பழம்பொருள்தானே, லைசென்ஸ் வேண்டாம்தானே?

இங்கே விளையாடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ம் பிரிவில் பழைய ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் மட்டும்தான். வாய்வழி மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி சுடும் நிலையில் இருந்தால் எத்தனை வயதானாலும் லைசென்ஸ் வேண்டும். ஒரு வக்கீலைக் கூட வைத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிடுங்கள். நூறு வருடம் தாண்டியதென்றால் 1972 பழம்பொருள் சட்டமும் வரும், வெளிநாட்டுக்கு அனுப்புகிற யோசனையே வேண்டாம். முக்கியமாக, போகிற வழியில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். முத்திரை ஏதாவது இருந்தால் அதோடு போய்விடும்.

மறுபடியும் காட்பாடி: சார், அவரிடம் சிங்கம் கதையைச் சொன்னேன். 80 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டார். இப்போது வாங்கலாமா?

இறங்கின வேகத்தைப் பார்த்தீர்களா! சிங்கம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் லாக் அசலாக இருந்து 'வேலூர் 1806' மட்டும் ஒட்டுவேலையாக இருந்தால், 1808-க்குப் பிந்தைய கம்பெனி மஸ்கட் என்ற வகையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. குழலின் பின்பக்கம் இடது புறத்தில் முத்திரை இருக்கும். கிரீடத்தோடு குறுக்கே போட்ட இரண்டு செங்கோல், நடுவில் பி.பி.சி. என்ற எழுத்துகள் இருந்தால் அது பர்மிங்காம் சோதனைச்சாலை, அது 1813-ல்தான் வந்தது. குழல் நீளத்தையும் அளந்து வாருங்கள், 39 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். லாக்கின் உள்பக்கத்தை பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஃப்ளாஷ் போடாமல்.