மரத்தரைக்கு எந்த நம்பர் உப்புத்தாள்?

பழைய மரத்தரையைத் தேய்த்து மறுபடி பாலிஷ் போடுவது பற்றி வந்த கேள்விகள், பதில்கள். உப்புத்தாளின் நம்பர் சிறிதானால் தாள் சொரசொரப்பு, பெரிதானால் நைசு.

கேள்வி (டொராண்டோ): அண்ணை, வீட்டில முக்கால் அங்குல ரெட் ஓக் தரை. வார்னிஷ் மஞ்சளாப் போட்டுது. டிரம் சாண்டர் (உப்புத்தாள் சுத்தின உருளையால தரையைத் தேய்க்கிற மெஷின்) வாடகைக்கு எடுக்கப் போறன். மரம் கனக்கத் தேயாமல் இருக்க 80 நம்பரில தொடங்கலாமோ?

பதில்: வேண்டாம். 80 நம்பர் பழைய வார்னிஷை வெட்டாது, சூடாக்கத்தான் செய்யும். இளகின வார்னிஷ் தாளில் ஒட்டியிருக்கிற மணிகளுக்கு நடுவில் அப்பி, கொஞ்ச நேரத்திலேயே தாள் வழுக்கத் தொடங்கும். அதற்கப்புறம் அழுத்தித் தேய்ப்பீர்கள், மரம் கருகும்.

36 அல்லது 40இல் தொடங்குங்கள். அடுத்து 60, கடைசியில் 100. வார்னிஷை எடுத்து மேடுபள்ளத்தைச் சமமாக்குவதோடு முதல் தாளின் வேலை முடிந்தது. பின்னால் வருகிற தாள்களுக்கு முந்தைய தாளின் கீறலை அழிப்பது மட்டும்தான் வேலை. 36 நம்பர் தாளின் (பி36) மணி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், பி60 கால் மில்லிமீட்டர், பி100 அதிலும் சிறிது, 0.16. நடுவில் 60ஐ விட்டுவிட்டால் ஆழக் கீறலின் விளிம்பு மட்டும் மழுங்கி, அடி அப்படியே நிற்கும். உலர்ந்த தரையில் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) பட்டதும் கோடுகோடாக எழும்பும்.

மெஷின் நகரத் தொடங்கிய பிறகு டிரம்மை இறக்குங்கள், நிற்பதற்கு முன்னால் தூக்கிவிடுங்கள். ஒரு நொடி நின்ற இடத்தில் சுற்றினாலும் குழி விழும். மரத்தின் ரேகை வாட்டத்திலேயே போங்கள். சுவரோரம் ஓட்டுகிற எட்ஜருக்கும் இதே நம்பர் வரிசைதான்.

கேள்வி (அதே வாசகர்): ஒரு தாள் போதும், அடுத்ததுக்கு மாறலாம் எண்டு எப்பிடித் தெரியும்?

பதில்: அடுத்த தாள் போடுமுன் தரை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்குங்கள். தேய்த்த பிறகும் கோடு போகாத இடம், தாள் தொடாத பள்ளம். தாள் மழுங்கிவிட்டால் தயங்காமல் மாற்றுங்கள். தாளில் மிச்சம் பிடிப்பதுதான் இந்த வேலையிலேயே அதிகச் செலவு வைக்கிற சிக்கனம்.

கேள்வி (கோயம்புத்தூர்): தேக்குப் பலகை மாடித்தளம் சார். 400 நம்பர் வாட்டர் பேப்பர் வரைக்கும் போனாத்தான் பளபளப்பு வரும்னு கார்பென்டர் சொல்றாரு.

பதில்: நாற்காலிக் கைப்பிடிக்குச் சொல்வதைத் தரைக்குச் சொல்கிறார். பாலியூரித்தேன் பூச்சு போடுவதாக இருந்தால் 100 அல்லது 120இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மரம் கண்ணாடி மாதிரி அடைபட்டு ஸ்டெயின் சீராக ஊறாது, பூச்சுக்கும் பிடிமானம் குறையும். பளபளப்பைத் தருவது மரமல்ல, மேலே போடுகிற பூச்சு. வாட்டர் பேப்பரைப் பூச்சு காய்ந்த பிறகு, ஒரு கோட்டுக்கும் (ஒரு தடவை பூசுகிற பூச்சு) அடுத்த கோட்டுக்கும் நடுவே பயன்படுத்துங்கள், போதும்.

தேக்கில் எண்ணெய் உண்டு. பூச்சுக்கு முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் முதல் கோட்டு போட்டுவிடுங்கள். ஆணித்தலைகளைத் தேய்க்குமுன்பே 3 மில்லிமீட்டர் உள்ளே இறக்க வேண்டும். இல்லையென்றால் தாள் கிழியும், பொறியும் பறக்கும்.

கேள்வி (சிங்கப்பூர்): எஞ்சினியர்டு வுட் தரையைத் தேய்க்கலாமா?

பதில்: அது ஒட்டுப்பலகைக்கு மேல் அசல் மரத்தகடு ஒட்டியது. அந்த மேல் தகட்டின் கனத்தைப் பாருங்கள். வாசல்படிப் பட்டியைக் கழற்றினால் ஓரம் தெரியும். முழுதாக ஒருமுறை தேய்த்தால் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் போய்விடும். தகடு 2 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் டிரம் பக்கமே போகாதீர்கள். கீறல் பூச்சோடு நின்றிருந்தால் 120 நம்பர் வலை டிஸ்க்கால் (வலை மாதிரி இருக்கிற வட்டத் தேய்ப்புத்தாள்) லேசாக மங்கவைத்து, மேலே ஒரு கோட்டு போடலாம். மெழுகு போட்டிருந்த தரையில் அதுவும் ஒட்டாது. லேமினேட் என்றால் தேய்க்கவே முடியாது, அது அச்சிட்ட காகிதம்.

கேள்வி (சென்னை): கோட்டுக்கு நடுவில் ஸ்டீல் வுல் (இரும்பு நார்) போடலாமா?

பதில்: தண்ணீர் கலந்த பூச்சு என்றால் கூடவே கூடாது. உதிர்ந்த இழை துருப்பிடித்து, ஓக்கில் இருக்கிற டானின் என்கிற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கரும்புள்ளி விழும். 220 தாள் போதும்.

கேள்வி (மதுரை): தூசிக்கு என்ன செய்ய?

பதில்: என்95 முகக்கவசம் கட்டாயம், துணி போதாது. பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கலாம், சோதிக்காமல் உலரத் தேய்க்காதீர்கள். தூசிப்பையை ராத்திரி வீட்டுக்குள் வைக்க வேண்டாம். வார்னிஷ் கலந்த தூள் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அன்றன்றைக்கு வெளியே கொண்டுபோய், மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.