சுண்டெலியில் திடுக்கிடல் தடுப்பு குறைவு: முதலில் காதைப் பாருங்கள்

22கியூ11 நீக்கம் (மனிதரில் ஸ்கிசோஃப்ரினியா அபாயத்தைக் கூட்டும் குரோமோசோம் இழப்புக்கு இணையான மாற்றம்) உள்ள 10 மாதச் சுண்டெலிகளில் முன்னொலி தரும் திடுக்கிடல் தடுப்பு (பலத்த சத்தத்துக்குச் சற்று முன் மெல்லிய ஒலி கேட்டால் திடுக்கிடல் குறைவது) குறைந்திருக்கிறது, இதை ஸ்கிசோஃப்ரினியாவின் மூளைச் சுற்றுக் கோளாறு என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் சி57 பிளாக் 6 சுண்டெலி இனத்துக்கு சிடிஎச்23 மரபணு மாற்றத்தால் வயது ஏற ஏற உயர் அதிர்வெண் ஒலி கேட்காமல் போகும். போதாததற்கு, இந்த நீக்கம் உள்ள எலிகளுக்கு நடுக்காது அழற்சியும் வருவதுண்டு. முன்னொலியே காதில் விழாத எலி எதைத் தடுக்கும்? ஏபிஆர் (ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் பதிலை அளக்கும் செவிச் சோதனை) எடுத்துவிடுங்கள்.

செவி சரி என்றால், அப்புறம் மூளைச் சுற்று. திடுக்கிடல் தடுப்பு ஹண்டிங்டன் என்ற வேறொரு மூளை நோயிலும் குறையும். அதை மட்டும் நம்ப முடியாது. எலி டி-மேஸில் (T வடிவப் பாதையில் நடத்தும் நினைவுச் சோதனை) ஓடும்போது ஹிப்போகேம்பஸ் (நினைவுக்கான மூளைப் பகுதி), முன்நெற்றிப் புறணி இரண்டிலும் மின்முனை வைத்து தீட்டா ஒத்திசைவை (இரு பகுதிகளின் தீட்டா மின்னலைகள் ஒன்றோடொன்று இசைந்து போவதை) பதிவு செய்யுங்கள். இதே நீக்கம் உள்ள எலிகளில் அது குறைவதை 2010லேயே காட்டிவிட்டார்கள்.