டியூட்டி மாறும் நேரம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். சென்ற வாரம் அடுத்த ஆள் வராததால் தொடர்ந்து 36 மணி நேரம் வார்டைப் பார்த்துக்கொண்டேன், ஒரு தவறும் நடக்கவில்லை. ஆனாலும் நோயாளியின் ஆட்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பெரிய டாக்டர் எப்ப வருவாரு?" இவர்கள் தொல்லையைச் சமாளிப்பதே பாதி வேலை. சம்பளமும் குறைவு. பிஜி மேற்படிப்புக்குப் படிப்பதா, அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு கிளினிக் போட்டு உட்கார்ந்துவிடுவதா என்று குழப்பமாக இருக்கிறது. கதை எழுதும் ஆசையும் உண்டு, நேரம்தான் இல்லை. என்ன செய்யலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

கொஞ்ச நாளாக எனக்கும் ஆஸ்பத்திரி நினைப்பாகவே இருக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். சம்பளம் குறைவு என்றால் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் வேறு இடம் பாருங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. கதை எழுத நேரமில்லை என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. அதையும் விட்டுவிடுவோம்.

36 மணி நேரத்துக்கு வருகிறேன். அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் 1997-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரைப் போலத் தடுமாறுகின்றன, 24 மணி நேரமானால் அது 0.1-க்குச் சமம். நம் ஊர்ச் சட்டத்தில் 0.03-ஐத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. அதாவது ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்ட உங்களை விடமாட்டார்கள், ஆனால் இன்சுலின் எத்தனை யூனிட் என்று எழுத விடுவார்கள். ஒரு தவறும் நடக்கவில்லை என்கிறீர்கள். குடித்தவன் எவனாவது தான் தள்ளாடியதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா தம்பி?

இது உங்கள் குற்றமில்லை, தெரியும். அடுத்த ஆள் வராவிட்டால் நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டா போவீர்கள்? ரெசிடென்ட் டாக்டர்களுக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெறுபவர்களுக்கு, ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே எழுதி வைத்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பிஜி விதிகளிலோ 'நியாயமான வேலை நேரம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எது நியாயம் என்று யார் சொல்வது? உங்களைப் போன்ற தனியார் டியூட்டி டாக்டர் இந்த இரண்டிலும் வரமாட்டார்.

ஆனால் நேரத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நியூயார்க்கில் 1984-ல் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் இறந்தாள். டாக்டர்களின் ஓய்வில்லாத டியூட்டிதான் காரணம் என்று பத்திரிகையாளரான அவள் அப்பா விடாமல் போராடினார். 1989-ல் அந்த மாநிலம் ரெசிடென்ட்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று எல்லை வைத்தது. நல்லதுதான். ஆனால் ஒருவரின் நேரத்தைக் குறைத்தால் ஒரு நோயாளி கைமாறும் தடவைகள் கூடுகின்றன. கைமாறும்போது என்ன விட்டுப்போகிறது என்பதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

நாகலூர் பக்கத்துப் பெரியம்மாவை மூச்சுத்திணறலோடு சேலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தோம், பதினாலாம் நம்பர் கட்டில். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். இரவு டாக்டர் சின்னப் பையன், அருமையான பையன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கால் வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தான். இவர் சாப்பிடும் நீர் மாத்திரை பொட்டாசியத்தை ஏற்றும் வகை, அது ஏறியிருக்கலாம், ரத்தம் அனுப்பியிருக்கிறேன், ரிசல்ட் வந்ததும் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று என்னிடம்கூடச் சொன்னான். காலை எட்டு மணிக்கு, பைக் சாவியும் கையுமாக லிப்ட் வாசலில் நின்று, உள்ளே வந்த டாக்டரிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: "பதினாலு ஸ்டேபிள்."

சிறிது நேரத்தில் லேபிலிருந்து போன். பக்கத்தில் தாள் இல்லாததால் சிஸ்டர் ஒரு துண்டு பிளாஸ்திரியைக் கிழித்துப் புறங்கையில் ஒட்டி, அதன்மேல் பால்பென்னால் எழுதினார்: '14, பொட்டா 6.8'. ஐந்துக்கு மேல் போனாலே அதிகம் என்று உங்களுக்குத் தெரியும். புது டாக்டர் கேஷுவாலிட்டியில் இருந்தார். ஸ்டேபிள் என்றார்களே, அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார். நான் எழுந்துபோய், இரவு டாக்டர் ஈசிஜி எடுக்கச் சொல்லியிருந்தாரே என்றேன். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, கால்சியம் ஊசி, ஈசிஜி எல்லாம். பெரியம்மா பிழைத்து, காப்பித் தோட்டத்திலேயே காலம் தள்ளியவரில்லையா, ஆஸ்பத்திரி காப்பியைத் திட்டிக்கொண்டே வீடு திரும்பினார்.

அந்தப் பையனுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் கைமாறவில்லை, அவ்வளவுதான். அமெரிக்கா, கனடாவில் 9 ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் வார்டுகளில் 'ஐ-பாஸ்' என்ற ஒப்படைப்பு முறையைக் கொண்டுவந்து பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது: மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. புது மருந்தோ மெஷினோ இல்லை. ஒப்படைக்கும்போது ஐந்தே விஷயம்: நோய் எவ்வளவு தீவிரம், நோயாளியைப் பற்றிய சுருக்கம், செய்ய வேண்டியவை, இப்படி ஆனால் என்ன செய்வது, கடைசியாகக் கேட்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்வது. அந்தக் கடைசி ஒன்றுக்காகவே நான் யாரிடமும் சண்டைக்குப் போவேன். "பதினாலு ஸ்டேபிள்" என்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், எதற்கு ஸ்டேபிள், எது வர வேண்டியிருக்கிறது என்று எதிராளி கேட்டே தீருவார்.

இப்போது நீங்கள் 'தொல்லை' என்று எழுதியவர்களுக்கு வாருங்கள். டாக்டர் மாறுகிறார், சிஸ்டர் மாறுகிறார், ஆயாம்மா மாறுகிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக் கிடக்கிறவருக்கு மட்டும் டியூட்டி மாறுவதில்லை. முந்தின இரவையும் இந்தக் காலையையும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் போய் ஒன்றும் சொல்லாமல் "காலைல பெரிய டாக்டர் சொல்வாரு" என்று நீங்களே கைகாட்டுகிறீர்கள். அப்புறம் அவர் பெரிய டாக்டர் எப்ப வருவாரு என்று கேட்டால் மட்டும் கோபம்! இன்றைக்கு ராத்திரி நான் எதற்காகக் காத்திருக்கிறேன், அது வந்தால் என்ன செய்வோம் என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். திருப்பிச் சொல்லவும் சொல்லுங்கள். காலையில் அவர் உங்களுக்காகப் பேசுவார்.

பிஜியா கிளினிக்கா என்று கேட்டீர்கள் இல்லையா. படிக்க முடிந்தால் படியுங்கள். ஆனால் வார்டு வேலையை அதற்கான காத்திருப்பு அறையாக நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே இருந்து பார்க்கிற டாக்டருக்கு அமெரிக்காவில் 1996-ல் வாக்டர், கோல்ட்மன் இருவரும் 'ஹாஸ்பிடலிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள், இன்று அங்கே அது தனித் துறை.

போகட்டும். நிர்வாகத்திடம் போய்க் காலையிலும் இரவிலும் இருபது நிமிடம் கேளுங்கள். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து கட்டில் கட்டிலாக நடக்க. அந்த இருபது நிமிடத்துக்கும் இரண்டு பேருக்குச் சம்பளம் தர வேண்டுமே என்பார்கள். தரட்டும். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.