நியூ ஜெர்சியில் இருந்துகொண்டே ஜார்ஜியா வீட்டின் க்ளோசிங்கை முடிக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனில் வசிக்கிறோம். ஜார்ஜியாவில் கம்மிங் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அடுத்த மாதக் கடைசியில் க்ளோசிங், அதாவது கையெழுத்தாகி வீடு எங்கள் பெயருக்கு மாறும் நாள். மனைவி, தன் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகச் சென்னை போயிருக்கிறார். அதற்குள் திரும்ப முடியாது. கடனும் பத்திரமும் இருவர் பெயரிலும்தான். இங்குள்ள வக்கீலை வைத்தே முடித்துவிடலாமா? மனைவியின் கையெழுத்துக்கு என்ன வழி?
- வாசகர், எடிசன்

பதில்: வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் செல்லும். ஜார்ஜியாவில் அந்த மாநில உரிமம் பெற்ற அட்டர்னிதான் (வக்கீல்தான்) க்ளோசிங்கை நடத்த வேண்டும். நோட்டரி மட்டும் வந்து கையெழுத்து வாங்கிப் போகும் வழக்கத்தை அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2003-லேயே ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே உங்கள் எடிசன் வக்கீலால் இதை நடத்த முடியாது. அந்த ஜார்ஜியா அட்டர்னியும் பொதுவாகக் கடன் கொடுப்பவரின் வக்கீல்தான். உங்கள் பக்கம் பார்க்க ஆள் வேண்டுமென்றால் தனியாக ஒருவரை அமர்த்துங்கள். நியூ ஜெர்சியில் ஏஜென்ட் எழுதும் ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும் மூன்று நாள் வக்கீல் பரிசீலனையும் (வக்கீல் ஒப்பந்தத்தைப் பார்த்து மாற்றவோ ரத்து செய்யவோ உள்ள அவகாசம்) ஜார்ஜியாவில் தானாக வராது.

நீங்கள் நேரில் போக வேண்டும் என்றில்லை. அட்டர்னி அனுப்பும் ஆவணக் கட்டை எடிசனிலேயே கையெழுத்திட்டு அனுப்பலாம். ஆனால் அடமானப் பத்திரத்தில் நோட்டரியோடு இன்னொரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். நியூ ஜெர்சி நோட்டரிகளுக்கு இது பழக்கமில்லை. "அதெல்லாம் தேவையில்லை" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். இந்த வாங்கலில் சம்பந்தப்படாத ஒருவரைக் கையோடு கூட்டிப்போங்கள்.

உங்கள் மனைவி விஷயத்தில்தான் எனக்குக் கவலை. உங்கள் பெயருக்கு அவர் பவர் ஆஃப் அட்டர்னி (அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) தர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பொதுப் படிவம் வேண்டாம். அந்த வீட்டின் முகவரியும், வாங்கவும் கடன் வாங்கவும் அதிகாரம் தரும் வாசகமும் போட்டு, ஜார்ஜியா அட்டர்னியே எழுதித் தரட்டும். பிறகு கடன் கொடுப்பவர் அதைப் படித்து, சரி என்று எழுத்தில் சொல்லட்டும். அதற்கு அப்புறம்தான் கையெழுத்து. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து நோட்டரி முத்திரை வாங்கலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர். சாட்சியை அவர்கள் தர மாட்டார்கள், அடையாள அட்டையோடு ஒருவரை உங்கள் மனைவியே அழைத்துப் போக வேண்டும். அசல் கூரியரில் வந்து சேர வேண்டும் என்பதால் இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

அப்புறம் செலவு. க்ளோசிங்குக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே முழுக் கணக்கு உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் இல்லாத, கடன் மீதான ஒரு வரி அதில் இருக்கும்: கடனில் ஒவ்வொரு 500 டாலருக்கும் 1.50 டாலர். 4,00,000 டாலர் கடனுக்கு 1,200 டாலர். வயர் (வங்கி வழிப் பணம்) அனுப்பும் கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அட்டர்னி அலுவலகத்தை அழைத்துக் கேளுங்கள். போன பணம் திரும்புவது அபூர்வம்.

எப்போது குடியேறப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சொந்தக் குடியிருப்பு என்று சொல்லிக் கடன் வாங்கியிருந்தால், வழக்கமான அடமானப் பத்திரம் 60 நாட்களுக்குள் குடிபுகச் சொல்லும். உங்கள் வேலை எடிசனிலேயே தொடரும் என்றால் அதைக் கடன் கொடுப்பவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.